நூறு காட்டிய சென்சார்

"மேஸ்திரி, இந்த ஊரே பொய் சொல்லுது."

கஸ்பார் வண்டி சோதிக்கும் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

யோகேஸ்வரி நிமிரவில்லை. லாரி ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றை மடியில் வைத்துச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஊரா, வண்டியா?"

"ரெண்டும்தான்."

"முதல்ல வண்டியைச் சொல்லுங்க. ஊரு எங்கேயும் போயிடாது."

கோத்தகிரி. பஸ் நிலையத்துக்குக் கீழே, தைல எண்ணெய்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இப்போது அது இல்லை. அந்த இடத்தில் மருந்துக் கடை இருக்கிறது. நான் சொல்வது கொட்டகை இருந்த காலம்.

அந்தக் கொட்டகைக்கு யோகேஸ்வரிதான் மேஸ்திரி. ஐம்பதை நெருங்கிய வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். வண்டிகளின் கரண்டு வேலை முழுக்க அவர் கையில் இருந்தது. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார்.

கஸ்பார் தூத்துக்குடிக்காரர். மேஸ்திரியைவிட நாலைந்து வயது மூத்தவர். சொந்தமாக ஷெட் வைத்துக் கார் பார்த்தவர். மனைவி பிலோமி அரசாங்க நர்ஸ். அவருக்குக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு மாறுதல் வந்தது. கஸ்பார் ஷெட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

வந்தது மழைக்காலத்தில். இப்போது பனி விழுந்துகொண்டிருந்தது.

"மலை வண்டி எனக்குப் புதுசு. சொல்லிக் குடுங்க" என்று அவராகத்தான் வந்து சேர்ந்தார். கேட்டதோடு சரி. எதைச் சொல்லிக் கொடுத்தாலும் "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்பார்.

மேஸ்திரி தன் வேலையைப் பார்ப்பார்.

"போஜன் வண்டி" என்றார் கஸ்பார். "கரும்புகை. பெட்ரோலை அப்படியே குடிக்கு. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு."

"என்ன பார்த்தீங்க?"

"எல்லாம் பாத்தாச்சு. பிளக் மாத்தினேன். ஃபில்டர் மாத்தினேன். இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவினேன். அதே புகை."

"பிரஷர் சென்சார்?"

"அதைத்தான் முதல்ல பாத்தேன். அது தங்கம்."

பிரஷர் சென்சார் கட்டைவிரல் பருமனில் ஒரு பொருள். இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். காற்று கனமாக இருக்கிறது என்று அது சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். லேசாக இருக்கிறது என்றால் குறைக்கும். கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார் சொன்னதை நம்பும்.

"தங்கம்னு எப்படித் தெரியும்?"

"சாவியைப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணாமப் பாத்தேன். நூறு காட்டுச்சு."

"நூறு காட்டினா?"

"நூறு காட்டினா நல்ல சென்சார். எங்க ஷெட்டுல ஆயிரம் வண்டி பாத்திருப்பேன் மேஸ்திரி. நூறுதான். காலையில பாத்தாலும் நூறு, உச்சி வெயில்ல பாத்தாலும் நூறு. நூறு காட்டாத சென்சாரைக் கழட்டிக் குப்பையில போடுவோம். ஒரு தடவை தப்பினதில்ல."

"சரி."

"அப்புறமும் புகை நிக்கல. சரி, எதுக்கும் புதுசு ஒண்ணு போட்டுப் பாப்போம்னு கோயம்புத்தூர்ல இருந்து வரவழைச்சேன். மாட்டிப் பாத்தா எண்பத்திரண்டு."

"ம்."

"திருப்பி அனுப்பிட்டேன். வேற அனுப்பினான். எண்பத்திரண்டு. அதையும் அனுப்பிட்டேன். இன்னிக்கு மூணாவது வந்திருக்கு."

"எண்பத்திரண்டா?"

"எண்பத்திரண்டு! என்னைப் பாத்தா அந்தக் கடைக்காரனுக்கு எப்படி இருக்கு? போன் பண்ணிக் கேட்டேன். 'இங்கே டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்பினேன், நல்ல பீஸு'ங்கான். சத்தியம் வேற பண்ணுதான்."

யோகேஸ்வரி கம்பியை வெட்டினார்.

"மூணும் ஒரே பொய்யைச் சொல்லுதா அண்ணே?"

"ஒரே கம்பெனி டூப்ளிகேட்டா இருக்கும்."

"உண்மை சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அதை வச்சுக்கிட்டுத்தான் வண்டி புகையுது."

"அதான் எனக்கும் விளங்கல."

மேஸ்திரி அடுத்த கம்பியை எடுத்தார்.

சாயங்காலம் போஜன் வந்தார். டாக்ஸி ஓட்டுபவர். பக்கத்து ஹட்டிக்காரர், படகர் கிராமம். தலையில் வெள்ளைத் துணி, வாயில் வெற்றிலை.

"என்ன கடற்கரை, என் வண்டி எப்படி இருக்கு?"

கஸ்பாரை அவர் கடற்கரை என்றுதான் கூப்பிடுவார். 

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ பார்த்துக்கிட்டேதான் இருக்கே. அது புகைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை கல்யாண ஓட்டம். பொண்ணு மாப்பிள்ளை ஏறுற வண்டி. அவங்க மூஞ்சியில கரி அடிச்சா என் மூஞ்சியில சாணி அடிப்பாங்க."

"நாளைக்குச் சரி பண்ணிருதேன்."

"நாளைக்கு ஆகலைன்னா சொல்லிரு. கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்துட்டுப் போறேன்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "யோகம்மா, இவர் பார்க்கிறாரா, இல்லை கும்பிடுறாரா?"

"கும்பிடுறார்" என்றார் யோகேஸ்வரி.

போஜன் சிரித்துக்கொண்டே போனார்.

கஸ்பார் சிரிக்கவில்லை. ஸ்கேனரைப் பெஞ்சில் வைத்தார். அதன் ஒயரை மெதுவாகச் சுற்றினார்.

"மேஸ்திரி, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"இந்த வண்டி சரியாகலைன்னா நான் ஊருக்குப் போறேன்."

"லீவா?"

"இல்ல. போறேன். பிலோமி இங்கனயே இருக்கட்டும். ரிட்டயர் ஆகிட்டு வரட்டும். அதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அவ சமாளிப்பா. அவளுக்கு இங்க எல்லாரையும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்க பாஷைகூடப் பேசுதா."

"பிலோமிகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

யோகேஸ்வரி மோட்டாரைக் கீழே வைத்தார்.

"வண்டி சரியானா?"

"சரியானா இருக்கேன்."

"நிச்சயமா?"

கஸ்பார் வாசல் பக்கம் திரும்பினார். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவு பாதிக்குமேல் மறைந்துவிட்டது.

"இந்நேரம் எங்க ஷெட்டுல இருக்கணும் மேஸ்திரி" என்றார். "கடல்ல இருந்து காத்து கிளம்பும். ஷட்டர் தானா ஆடும். எதிர்க்கடையில ரொட்டி அடுப்பைத் திறப்பான். அந்த வாசத்துக்கே ஆளு கூடும். ஹார்பர்ல சங்கு ஊதினா கையில இருக்கிற ஸ்பேனரைப் போட்டுட்டு டீக்குப் போவோம். ஒருத்தன் ஒருத்தனைக் கூப்பிட வேண்டாம். தானா எல்லாரும் நடப்போம்."

"ம்."

"உப்புக் காத்து. எந்த போல்ட்டும் லேசில கழலாது. துரு. கழட்டினா ஒரு சத்தம் வரும் பாருங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாளாச்சு. இங்க எல்லாம் வழவழன்னு கழலுது."

"அது குறையா?"

"குறைன்னு சொல்லல."

யோகேஸ்வரி எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். மூடியில் சின்னத் திரை பதித்திருந்தது. பக்கத்தில் ஒயர் தொங்கியது. உள்ளே பேட்டரி. சென்சாரைக் காரில் மாட்டாமலே சோதித்துப் பார்க்க அவரே செய்துவைத்தது.

"அந்த மூணாவது டூப்ளிகேட்டைக் கொண்டாங்க."

கஸ்பார் கொடுத்தார். மேஸ்திரி அதை ஒயரில் செருகினார். திரையில் 82.

"பாத்தீங்களா!" என்றார் கஸ்பார்.

"பார்த்தேன். நாளைக்குக் காலையில மேட்டுப்பாளையம் போறேன். செம்புக் கம்பி வாங்கணும். நீங்களும் வாங்க. இந்த டின்னை மடியில வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"வழியில பேச்சுத் துணைக்கு."

"என்னான்னு வாயால சொல்லிட்டா ஆகாதா?"

"சொன்னா நம்புவீங்களா?"

கஸ்பார் யோசித்தார்.

"நம்ப மாட்டேன்."

"அப்புறம் என்ன? பை கட்டியிருந்தா அதையும் எடுத்துக்குங்க. தெக்கே போற பஸ்ஸெல்லாம் அங்கேதான் ஏறணும்."

காலையில் பிலோமி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துக் குத்தினார். கண்ணாடியிலேயே பையைப் பார்த்துவிட்டார்.

"பை எதுக்கு?"

"கீழ போறேன்."

"கீழன்னா எம்புட்டுக் கீழ?"

கஸ்பார் செருப்பைத் தேடினார்.

"மேட்டுப்பாளையம். மேஸ்திரி கூட."

"மேட்டுப்பாளையத்துக்குப் போர்வை எதுக்கு?"

பிலோமி கடைசி ஊசியைக் குத்தினார். குடையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"போற எடத்துல போர்வை வேண்டியிருக்காது. வச்சிட்டுப் போங்க. எனக்கு வேணும்."

கஸ்பார் போர்வையை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

மேஸ்திரியின் ஜீப் பழையது. அதில் கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. கிளம்பும்போது கஸ்பார் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். மூடியை இறுக்கி, வெறும் பாட்டிலைக் காலடியில் போட்டார்.

மடியில் டின். டின்னில் 82.

அரவேனு தாண்டியதும் அவர் குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, எண்பத்தஞ்சு."

யோகேஸ்வரி கியரை மாற்றினார்.

ஒரு வளைவு. இன்னொரு வளைவு. தேயிலை குறைந்து மரங்கள் வந்தன.

"எண்பத்தேழு. ஏறுது மேஸ்திரி!"

"உங்க ஷெட்டு கதையைச் சொல்லுங்க" என்றார் யோகேஸ்வரி.

கஸ்பார் சொன்னார். எண் ஏற ஏறக் கதையும் ஏறியது. அப்பாவோடு கட்டுமரத்துக்குப் போகாமல் ஒளிந்து ஒளிந்து ஷெட்டுக்குப் போனது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கியது. கப்பல் கேப்டனின் கார் ஒன்று நின்றுபோக, அதை ஓட வைத்ததற்கு ஒரு பெட்டி ஆப்பிள் கிடைத்தது. ஷெட் ஆட்கள் எல்லோரும் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே சாலையில் நடந்தது. தம்பிக்குப் பல்லில் கூச்சம், அவன் மட்டும் நக்கிக்கொண்டு நடந்தது.

சொல்லிச் சொல்லிச் சிரித்தார். யோகேஸ்வரியும் சிரித்தார்.

"அவங்கல்லாம் இப்போ எங்கே இருக்காங்க?" என்றார் யோகேஸ்வரி.

"யாரு?"

"ஆப்பிள் கடிச்சவங்க."

"ஒருத்தன் துபாய். ஒருத்தன் செத்துட்டான். ரெண்டு பேரு திருப்பூருக்குப் போயிட்டானுக." கஸ்பார் கொஞ்சம் நிறுத்தினார். "ரொட்டிக் கடையும் இப்ப இல்ல. செல்போன் விக்கான்."

"சங்கு?"

"சங்கு ஊதும். டீக்குத்தான் ஆள் இல்ல. தம்பி ஃபிளாஸ்க்ல கொண்டாந்துருவான்."

வண்டி குஞ்சப்பனைக்கு வந்திருந்தது. திரையில் 90. சட்டென்று வெக்கை வந்தது. கஸ்பார் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"விளங்கிட்டு!" என்றார்.

"என்ன?"

"குளிரு! குளிர்ல இது வேலை செய்யல. சூடு பட்டதும் முழிச்சுக்கிட்டு. டூப்ளிகேட் இல்ல மேஸ்திரி, கடைக்காரன் மேல தப்பில்ல. மலைக் குளிரு இதுக்கு ஒத்துக்கல. எனக்கு ஒத்துக்கலல்லா, அதே மாதிரிதான்!"

யோகேஸ்வரி அடுத்த வளைவில் ஹாரன் அடித்தார்.

"உங்களுக்கு உங்க ஊரு நெனைப்பு வராதா மேஸ்திரி?"

"வரும்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"வந்துட்டுப் போகும்."

"அம்புட்டுத்தானா?"

யோகேஸ்வரி ஒரு லாரிக்கு வழி விட்டார்.

"தோட்டத்துல எங்க லயத்துக்கு, கூலிக்காரங்க வரிசை வீட்டுக்கு, தகரக் கூரை" என்றார். "மழை பிடிச்சா நாள்கணக்குல பெய்யும். தகரத்துல அந்தச் சத்தம். பக்கத்துல இருக்கிறவங்க பேசுறதே கேக்காது. எங்கப்பா கத்தித்தான் பேசுவார்."

"ம்."

"கப்பலேறி வந்தோம். கோத்தகிரியில ஓட்டு வீடு. அங்கேயும் கத்தித்தான் பேசுவார். மழை இல்லாத நாள்லயும். உப்பு கேட்டா தெருவுக்கே கேக்கும். ஜனங்க சண்டைன்னு எட்டிப் பார்ப்பாங்க. அம்மா வெக்கத்துல கதவைச் சாத்துவாங்க."

"மழை இல்லேங்கிறது அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். தொண்டைக்குத் தெரியாது."

கஸ்பார் சிரித்தார்.

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும். இப்போ மழை பெய்ஞ்சா நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து கேப்பேன். நின்னதும் எழுந்து போய் வேலையைப் பார்ப்பேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி கஸ்பார் கேட்டதில்லை.

மேட்டுப்பாளையம். பாக்குமர வாசனை. வெயில். திரையில் 98.

"தொண்ணூத்தெட்டு! இன்னும் ரெண்டுதான் மேஸ்திரி. இன்னும் கொஞ்சம் சூடு காட்டினா நூறு வந்துரும்."

யோகேஸ்வரி ஒரு சோடாக் கடை முன்னால் நிறுத்தினார். கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். கஸ்பாரின் மடியிலிருந்து டின்னை எடுத்து, சென்சாரை மட்டும் ஒரு பையில் சுற்றி ஐஸுக்குள் புதைத்தார். டின் வெளியே இருந்தது.

"ரெண்டு சோடா குடுங்க" என்றார்.

குடித்தார்கள். மெதுவாகத்தான் குடித்தார்கள்.

"பாருங்க" என்றார் யோகேஸ்வரி.

கஸ்பார் பார்த்தார். 98.

ஐஸுக்குள் விரலை விட்டுச் சென்சாரைத் தொட்டார். விரல் மரத்துப்போனது. எண் அசையவில்லை.

"கோத்தகிரியைவிட இது குளிர்ச்சி" என்றார்.

"ஆமா."

"அப்ப குளிர் இல்ல."

"இல்ல."

"அப்ப என்னது?"

யோகேஸ்வரி ஜீப்புக்குள் குனிந்தார். காலடியில் கிடந்த வெறும் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பாட்டில் நசுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே போய், இடுப்பு ஒடுங்கிக் கிடந்தது.

"யாரு நசுக்கினது?"

"நான் நசுக்கல."

"நானும் நசுக்கல."

கஸ்பார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி இறுக்கமாக இருந்தது. திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போனது. பாட்டில் படபடவென்று பழைய உருவத்துக்கு வந்தது.

அவர் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். உச்சி மேகத்துக்குள் இருந்தது. பிறகு கடைக்குமேலே, தெருவுக்குமேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார்.

"இங்க காத்து கனமா இருக்கு" என்றார்.

யோகேஸ்வரி சோடாப் பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மேல லேசு. அதான் அங்க எண்பத்திரண்டு. கீழ வர வர ஏறுது. ஏறித்தானே ஆகணும்!" கஸ்பார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல நூறு. கடல்மட்டத்துல நூறு. அந்த ஊரு நூறு அது. அதைக் கொண்டுபோய் மலையில தேடியிருக்கேன். அந்தக் கடைக்காரனை என்ன பேச்சு பேசினேன்! நல்ல சாமானை ரெண்டு தடவை மூஞ்சியில அடிச்ச மாதிரித் திருப்பி அனுப்பியிருக்கேன்."

"அப்போ போஜன் வண்டியில இருக்கிறது?"

"அது நூறு காட்டுது."

"எங்கே இருந்துகிட்டு?"

"கோத்தகிரியில இருந்துகிட்டு."

"ம்."

"காத்து எண்பத்திரண்டுதான் இருக்கு. இது நூறுன்னு சொல்லுது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. கரும்புகை வராம என்ன வரும்? கெட்டுப்போனது அதுதான். தங்கம்னு நினைச்சேன். அது மலைக்கு வந்த பின்னாடியும் கடற்கரையிலயே..."

நின்றுவிட்டார்.

சோடாக் கடைக்காரர் சென்சாரை எடுத்துக் கொடுத்து ஐஸ் பெட்டியை மூடினார்.

யோகேஸ்வரி ஈரச் சென்சாரை முந்தானையில் துடைத்து டின்னுக்குள் வைத்தார்.

"வண்டி சரியாயிடுச்சு" என்றார்.

"ஆமா. இதை மாட்டினாப் போதும்."

"வண்டி சரியானா இருப்பேன்னீங்க."

கஸ்பார் பையைப் பார்த்தார்.

"நீங்களே மாட்டிருங்க மேஸ்திரி. ரெண்டே ஸ்க்ரூதான்."

"எனக்குக் கம்பி வேலை கிடக்கு."

"போஜன்கிட்ட நான் சொன்னேன்னு..."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யோகேஸ்வரி டின்னை அவர் கையில் கொடுத்தார். பஸ் நிலையத்தின் பக்கம் மோவாயை ஆட்டினார்.

"மதுரை பஸ் நிக்குது. நான் கம்பிக் கடைக்குப் போறேன். ஜீப்பைப் பூட்டல."

போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

கஸ்பார் வெயிலில் நின்றார். ஒரு கையில் பை. ஒரு கையில் டின்.

"மதுரை, மதுரை, மதுரை! ஏறுங்க சார். எங்கே போகணும்?"

"தூத்துக்குடி."

"மதுரையில மாறிக்கலாம். ஏறுங்க, ஜன்னல் சீட்டு இருக்கு."

ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். அதன்மேல் டின்னை வைத்தார். உடம்பு நன்றாக இருந்தது. மூச்சு தாராளமாக வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வியர்த்தது. அந்த வியர்வை அவருக்குப் பிடித்திருந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்து சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டார்.

போன் அடித்தது. பிலோமி.

வார்டிலிருந்து பேசினார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாரோ யாரையோ ஊசி போடக் கூப்பிட்டார்கள்.

"கேக்குதா?"

"கேக்கு."

"ராத்திரிக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கணும்னு கேக்கத்தான் அடிச்சேன். சோறு மிஞ்சினா வீணாப் போவும்."

குரலில் ஒன்றும் இல்லை. நோயாளியிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கும் குரல்.

கஸ்பார் மடியில் இருந்த டின்னைத் தொட்டார்.

பஸ் உறுமியது. கண்டக்டர் கடைசியாக ஒரு தடவை மதுரை என்று கத்தினார்.

"வண்டிச் சத்தம் கேக்குதே" என்றார் பிலோமி. "ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

கஸ்பார் எழுந்தார். பையையும் டின்னையும் எடுத்துக்கொண்டு இறங்கப் படியில் காலை வைத்தார்.

"இல்ல பிலோமி. ஊர்ல இருந்து இப்பத்தான் கிளம்புதேன். ரெண்டு பேருக்கு வை."